புகையிலை அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

யாரு அது? சங்கிலியில கை வைக்காதே. விடு, விடு. திறக்காதேங்கறேன்ல!

ஆமா, உள்ளே ஆள் இருக்கு. மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்காக வந்ததும் வராததுமா கதவைத் திறந்துடறதா? காரணம் இருக்கு, சொல்றேன். இந்தக் கதவு வழியா பேசினா பாதிதான் கேக்கும், எனக்குத் தொண்டை போயிடும். வந்த வழியே வெளியே போ. வலது கைப்பக்கம் சுத்திக்கிட்டு வா. ஒரு சீத்தாப்பழ மரம் நிக்கும், அதை ஒட்டி கம்பி போட்ட ஜன்னல். அங்கே வா, முகம் பாத்துப் பேசலாம்.

வந்துட்டியா? அட, சின்னப் பொண்ணு. குரலை வெச்சு யாரோ பெரிய அம்மான்னு நினைச்சேன். கொஞ்சம் தள்ளி நில்லு அம்மிணி, அந்தக் கிளையில கட்டெறும்பு.

நான் கோகிலவாணி. இந்த வீட்டுக்காரி. ரேஷன் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு. நீ எந்த ஊரு? கோபியா? ஸ்கூட்டியிலயே வந்துட்டியா இவ்வளவு தூரம்! வீடு பாக்கத்தானே வந்தே. வேற எதுக்கு இந்தக் காட்டுக்குள்ள யாரு வர்றாங்க. என் வீட்டுக்காரர் மயில்சாமின்னு பேரு, அவர்தான் வர்றவங்களுக்கெல்லாம் சுத்திக் காட்டுவார். இப்போ இல்லை. காலேஜ்ல இருந்து கட்டடக் கலை படிக்கற பசங்க ஒரு வேன் நிறைய வர்றாங்களாம். வேன் வாய்க்கால் பாலத்துல வழி தப்பிடுச்சுன்னு போன் வந்துச்சு. எழுந்து ஓடினார். ஓடற ஓட்டத்துல என்னை உள்ளே வெச்சுச் சங்கிலியை மாட்டிட்டுப் போயிட்டார்.

சண்டையான்னு கேக்கறியா? அதான் இல்லை! கோபத்துல பூட்டியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். இந்த மனுஷனுக்கு என் மேல ஒரு கோபமாவது இருக்கேன்னு. நான் உள்ளே இருக்கற ஞாபகமே இல்லை அம்மிணி. கைப்பழக்கம். இந்தக் கதவைத் தாண்டிப் போற யாரா இருந்தாலும் கை தானா சங்கிலியை எடுத்து மேல மாட்டும். இல்லைன்னா கதவு நிக்காது. கீல் கிடையாது இதுக்கு. மேலயும் கீழயும் குடுமி வெச்சு, குழியில சுத்தற கதவு. குழி தேஞ்சு போச்சு. சாத்தினா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தானா உள்பக்கமா திறந்துக்கும். யாரோ கூப்பிட்ட மாதிரி.

புரியுதா? வெளியே சங்கிலி மாட்டினா நான் கைதி. மாட்டலைன்னா நான் நடு ரோட்டுல நிக்கற மாதிரி. நடுவுல ஒண்ணும் கிடையாது.

உள்ளே தாழ்ப்பாள் இல்லையான்னுதானே கேக்க வர்றே? வா வழிக்கு. இந்த வீட்டுல எந்தக் கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. எல்லாம் வெளியேதான். ஏன்னா, இந்த அறையில யாரும் இருந்ததே இல்லை. புகையிலை இருந்துச்சு. பக்கத்து அறையில கடலை. அதுக்கு அந்தப் பக்கம் பருத்தி. என் மாமனாரோட அப்பா காலத்துல புகையிலைன்னா பெரிய சமாச்சாரம், அதுக்கு வரி, அதைப் பாக்க அதிகாரி, அதனால பூட்டு. மனுஷங்க எல்லாம் வெளியே ஆசாரத்துல, அதான் அந்த முன்கூடத்துல, பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டாங்க. விளைஞ்சதுக்கு அறை, விதைச்சவங்களுக்கு ஆசாரம்.

நாங்க திருப்பூர்ல இருந்தோம். நல்ல வீடு. ஒண்ணுக்கு ரெண்டு பாத்ரூம். இவர் பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு, பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கப் போறேன்னு கிளம்பினார். நானும் சரின்னேன். புதுப்பிக்கறதுன்னா என்ன அர்த்தம், நீயே சொல்லு. புதுசு பண்றது. இவருக்கு அர்த்தம் வேற. பழசு எதையும் தொடாம, தொடாத இடத்துல எல்லாம் செலவு பண்றது. கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தான், கழுத்துல துண்டு, கால்ல கட்டைச் செருப்பு. சுவரைத் தடவிப் பாத்துக் கண்ணை மூடிக்கிட்டான்.

தரையைப் பாரு, எட்டிப் பாரு. சிவப்புத் தரை. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், இன்னும் என்னவோ போட்டு மாசக்கணக்கா தேச்சாங்க. அழகாத்தான் இருக்கு, இல்லைங்கலை. முகம் தெரியும். ஆனா நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தா, கதவு அதையும் தள்ளிக்கிட்டு வழுக்கிட்டு வரும். கல்லை வைக்கலாம்னா தரையில கீறல் விழுமாம். என் கல்யாணத்துக்குக் கொடுத்த இரும்பு பீரோ இருந்துச்சு, யானை மாதிரி. அதை நகத்தி வெச்சா எவனும் திறக்க முடியாது. அது இந்த அறைக்குப் பொருந்தலைன்னு மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிட்டாங்க. என் பட்டுப் புடவை எல்லாம் இப்போ மாட்டோட இருக்கு.

இந்த வீட்டுல ஒரிஜினல் இல்லாதது ரெண்டே ரெண்டுதான். பிரிட்ஜும் நானும். வெளியாளுங்க வந்தா பிரிட்ஜு மேல கோரைப் பாயைப் போத்திடுவார். என் மேல எதைப் போத்தறதுன்னுதான் தெரியாம முழிக்கறார்.

சிரிக்கிறே. சிரி. உங்க மாமனார் வீடும் பழசா? புதுப்பிக்கப் போறீங்களா? அதுக்குத்தான் பாத்துட்டுப் போக வந்தியா? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கே. நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. உத்தரத்தைப் பாக்காதே, கூரை ஓட்டைப் பாக்காதே. முதல்ல கதவைச் சாத்திப் பாரு. எந்தப் பக்கம் நின்னுக்கிட்டு சாத்தறேங்கறதையும் பாரு.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? ஒரு தாழ்ப்பாள். என் கை நீளம் கூட இல்லை. "ஏனுங்க, உள்பக்கம் ஒண்ணே ஒண்ணு அடிச்சுக்கலாம்"னேன். என்னமோ கோயில் சாமியைத் தூக்கி எடைக்குப் போடச் சொன்ன மாதிரி பாத்தார்.

"வாணி, இது ஒரே மரத்துல இழைச்ச கதவு. இத்தனை வருஷத்துல உள்பக்கம் ஒரு ஆணி பட்டதில்லை."

"இத்தனை வருஷமா உள்ளே புகையிலைதானுங்க இருந்துச்சு. இப்போ நான் இருக்கேன்."

"புகையிலை ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை"ன்னார்.

பெரிய ஜோக்கு! ஆர்க்கிடெக்ட் வேற விழுந்து விழுந்து சிரிச்சான்.

நான் விடலை. இவர் ஒரு கல்யாணத்துக்குத் தாராபுரம் போன அன்னிக்கு, சுப்பு ஆசாரியைக் கூப்பிட்டேன். தாழ்ப்பாளை நானே கோபியில வாங்கி முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன். ஆசாரி ஒரு ஓட்டை போட்டார். ஒண்ணே ஒண்ணு. மறு ஓட்டை போடறதுக்குள்ள கரண்டு போச்சு. கரண்டு வர்றதுக்குள்ள இவர் வந்துட்டார். ஆசாரியைத் திட்டலை, என்னையும் திட்டலை. அந்த ஓட்டை முன்னாடி உக்காந்துக்கிட்டார். மரத்தூளையும் மெழுகையும் குழைச்சு, தீக்குச்சி முனையால அடைச்சார். கண்ணு கலங்கி இருந்துச்சு அம்மிணி. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்போ ஆஸ்பத்திரியில அந்தக் கண்ணு கலங்கலை.

சரி, அதை விடு.

ராத்திரி பகல்னு இல்லாம இந்த அறையில புகையிலை வாசம். மழை நாள்ல சுவரே அதை மூச்சா விடற மாதிரி இருக்கும். என் முடி, புடவை, தலகாணி எல்லாம். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. நான் படிச்ச குன்னூர் கான்வென்ட்ல மதர் பிலோமினா எங்க மேல லிப்ஸ்டிக் வாசம் வந்தாலே முட்டி போட வைப்பாங்க. இப்போ என்னைப் பாத்தா ஜெபமாலையைத் தேடுவாங்க. சுண்ணாம்பு அடிக்கலாமேன்னா, அந்த வாசம்தான் அறையோட உயிராம். வர்றவங்க மூக்கை உறிஞ்சு பாத்து "ஆகா"ங்கறாங்க. அவங்க உறிஞ்சிட்டுப் போயிடறாங்க.

வர்றவங்க கதையைக் கேளு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. தலைக்கு மருதாணி குழைச்சுப் பூசிக்கிட்டு, பாவாடையை மாருக்கு ஏத்திக் கட்டிக்கிட்டு, இதோ இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தேன். கதவு தானா திறந்துச்சு. வழக்கம்தானேன்னு திரும்பினா, பெங்களூர்க் கூட்டம். ஆம்பளையும் பொம்பளையுமா இந்த அறை கொள்ளலை. இவர் முன்னாடி நின்னு, "மேல பாருங்க, பனங்கை உத்தரம், ஒரு இடத்துல கூட செல்லரிக்கலை"ங்கறார். எல்லாரும் மேல பாக்கறாங்க. நான் போர்வையை இழுத்தா போர்வை மேல ஒருத்தன் பையை வெச்சிருக்கான்!

அதுல ஒருத்தராவது என்னைப் பாத்திருந்தா, மானம் போச்சுன்னு நாலு நாள் அழுதிருப்பேன். ஒருத்தரும் பாக்கலை அம்மிணி. மேலயே பாத்துட்டுப் போயிட்டாங்க. அந்தப் பையை எடுக்க வந்தவன் மட்டும் "எக்ஸ்கியூஸ் மீ"ன்னான், பையைப் பாத்து.

என்ன? என்னமோ கேக்க வந்தே. இரு, முதல்ல நான் சொல்லி முடிச்சுடறேன், இல்லைன்னா விட்டுப் போகும்.

எனக்கு வயசு அம்பது தாண்டியாச்சு. கான்வென்ட்ல நீள ஹால்ல வரிசையாக் கட்டில், கதவே கிடையாது. எங்க அப்பா வீட்டுல பொண்ணுங்க அறைக்கு எதுக்குத் தாழ்ப்பாள்னு கழட்டிட்டாங்க. திருப்பூர்ல மாமியார் படுக்கையில இருந்தாங்க, கூப்பிட்டா கேக்கணும்னு கதவு திறந்தே இருக்கும். நான் உள்ளே இருந்து தாழ் போட்டுக்கிட்ட கதவுன்னா பாத்ரூம் கதவு ஒண்ணுதான். இங்கே அதுவும் போச்சு. பாத்ரூமுக்கும் எங்கேயோ இடிச்ச வீட்டுல இருந்து பழைய கதவு கொண்டு வந்து மாட்டியிருக்கார், பொருத்தமா இருக்கணும்னு. உள்ளே கல்லை உருட்டி முட்டுக் கொடுத்துட்டுத்தான் குளிக்கணும். அங்கே மட்டும் கல்லுக்கு அனுமதி.

உள்ளே தாழ் போட்டுக்கிட்டு என்ன செய்யப் போறேன்னு கேட்டார். என்னத்தைச் செய்வேன்? படுப்பேன். புடவையைத் தளர்த்திக்குவேன். ஒரு புஸ்தகம் படிப்பேன். சும்மா இருப்பேன். ஒரு அரைமணி நேரம் யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சு சும்மா இருக்கறது வேற, யாரும் வராம சும்மா இருக்கறது வேற. அது ஆம்பளைங்களுக்குப் புரியாது.

எல்லாருக்கும் அப்படித் தாழ் போட்டுக்கற உரிமை வந்துடாது, அதையும் சொல்லிடறேன். என் மருமக தாரணி இருக்காளே, பெங்களூர்ல. பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டதும் அறைக்குள்ள போய் டக்குனு தாழ் போடறா! நான் சூடா பால் எடுத்துட்டுப் போறேன், கதவைத் தட்டறேன், "ஒரு நிமிஷம் அத்தை"ங்கறா. அப்படி என்ன ஒரு நிமிஷம்? நான் என்ன திருடியா? என் பையன் அறைக்குள்ள போக நான் வெளியே நின்னு தட்டணுமா? மறுநாளே பையன்கிட்ட சொல்லிட்டேன், குடும்பத்துல கதவு திறந்து இருக்கணும்டான்னு. அவ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கோபம்.

உனக்கு மாமியார் இருக்காங்களா? ம். சரி, சரி.

இன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு கேளு. "வாணி, பசங்க வர்றாங்க, நூல் புடவை ஒண்ணு கட்டிக்க, ஆட்டுக்கல் பக்கத்துல உக்காரு, நாலு போட்டோ எடுப்பாங்க"ன்னார். மிக்ஸியைப் பரண் மேல ஏத்தியாச்சு. "ஏனுங்க, நான் ஆட்டுக்கல்லுல மாவாட்டினதே இல்லையே"ன்னேன். "கையை மட்டும் குழவி மேல வெச்சுக்கோ"ன்னார். எனக்கு வந்துச்சே! நேரா இதுக்குள்ள வந்து கதவைச் சாத்தினேன். அது திறந்துக்கிச்சு. மறுபடி சாத்தினேன். மறுபடி திறந்துக்கிச்சு. கோபத்தைக் காட்டறதுக்குக் கூட இந்த வீட்டுல கதவு இல்லை. கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டேன். அப்போதான் போன் வந்து, அவர் ஓடி, சங்கிலி விழுந்த சத்தம் கேட்டுச்சு.

என் போன் சமையல்கட்டுல சார்ஜ்ல கிடக்கு. இந்தச் சுவத்துல பிளக் வைக்கக் கூடாது.

முதல்ல கத்தினேன். வேலைக்காரி லட்சுமி மூணாவது காட்டுல வெங்காயம் எடுக்கப் போயிருக்கா. யாருக்குக் கேக்கும். அப்புறம் கத்தறதை நிறுத்தினேன். ஒரு விஷயம் தோணுச்சு. சொன்னா சிரிக்கக் கூடாது. கதவு அசையலை அம்மிணி. சாத்தின கதவு சாத்தினபடியே நிக்குது! நான் இந்தப் பக்கம் இருக்கறப்போ இது நின்னதே இல்லை. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் இருக்கு கதவு. அப்புறம்தான் நீ வந்து சங்கிலியை ஆட்டினே.

இப்போ நீ திறந்து விட்டா என்ன ஆகும்? வேன் வரும், கதவு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும், பசங்க மேல பாத்துக்கிட்டே உள்ளே வருவாங்க, நான் ஆட்டுக்கல்லுக்குப் போகணும். திறக்காம விட்டா? அவர் வந்து திறப்பார். அதே ஆட்டுக்கல்.

இரு. இரு இரு. அந்தக் கதவுக்குப் பக்கத்துல, நிலையை ஒட்டி, ஒரு ஆணியில பெரிய பூட்டு தொங்குதே, பாத்தியா? திண்டுக்கல் பூட்டு, தேங்காய் மூடி அளவு இருக்கும். சாவி அதுலயே குத்தி வெச்சிருக்கும். காட்சிக்குத் தொங்குது. ஆனா நல்லா வேலை செய்யும். வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் விடறார். எனக்குத் தலைக்கு எண்ணெய் இருக்கான்னு கேட்டதில்லை, பூட்டுக்கு விடுவார்.

நீ போய் அதை எடு. சங்கிலி மேல கொண்டியில மாட்டித்தானே இருக்கு? அந்தக் கொண்டியில பூட்டைத் தொங்கவிட்டு அழுத்து. டக்குனு சத்தம் வரும். சாவியை உருவிக்கிட்டு இங்கே ஓடி வா. கம்பி வழியா என்கிட்ட கொடு.

ஏன் அப்படிப் பாக்கறே? தாழ்ப்பாள் உள்ளே அடிக்கக் கூடாதுன்னார். அடிக்கலை. ஆணி படக் கூடாதுன்னார். படலை. அவர் கதவு, அவர் சங்கிலி, அவர் பூட்டு, எல்லாம் ஒரிஜினல். சாவி மட்டும் உள்ளே. அவ்வளவுதான்! இத்தனை நாள் இது எனக்குத் தோணாம போச்சே.

அப்போ நீங்க எப்படின்னு என்ன இழுக்கறே? கேள்வி எல்லாம் அப்புறம். வேன் சத்தம் கேக்குது பாரு. ஓடு!

*

கொடு. அப்பா, என்ன கனம். ஜில்லுனு இருக்கு. நல்லா அழுத்தினியா? இழுத்துப் பாத்தியா? கெட்டிக்காரி.

அங்கேயே மரத்து மறைவுல நில்லு. பேசாதே. ஷ்... வந்துட்டாங்க. செருப்புச் சத்தம் கேக்குதா? கழட்டச் சொல்றார், தரை. அவர் குரல் எங்கே இருந்தாலும் இந்த அறைக்குக் கேக்கும். கடலை அறையைக் காட்டறார். பருத்தி அறை. இப்போ இங்கேதான்.

நின்னுட்டாங்க. பூட்டைப் பாத்துட்டார்!

இப்போ கூப்பிடுவார் பாரு. "வாணி, சாவி எங்கே?" நான் பதில் சொல்லப் போறதில்லை. கூப்பிடட்டும். ரெண்டு தரம், மூணு தரம் கூப்பிடட்டும். பசங்க முன்னாடி கெஞ்சட்டும். தாழ்ப்பாள் அடிச்சுத் தர்றேன்னு சொல்லட்டும்.

கூப்பிடலை.

என்னமோ சொல்றார், இரு. "ஆகா"ங்கறார். "யாரு மாட்டினாங்கன்னு தெரியலை, ஆனா பாருங்க தம்பி, இதுதான் சரி. பூட்டோட பாத்தாதான் இந்தக் கதவுக்கு முகமே வருது. எங்க தாத்தா காலத்துல இப்படித்தான் இருந்துச்சு."

ஒரு பொண்ணு கேக்குது, "உள்ளே பாக்கலாமா சார்?"

"வேண்டாம்மா, உள்ளே ஒண்ணும் இல்லை. இப்படியே இருக்கட்டும். இந்தப் பூட்டை இனிமே எடுக்கறதா இல்லை."

ஒண்ணும் இல்லையாம்.

போட்டோ எடுக்கறாங்க. வெளிச்சம் கதவு இடுக்குல வருது. பூட்டைத்தான் படம் பிடிக்கறாங்க. அவர் நகந்து நிக்கச் சொல்றார், பூட்டு மேல நிழல் விழுதாம்.

போயிட்டாங்க. கிணத்துப் பக்கம் கூட்டிட்டுப் போறார். அப்புறம் அப்படியே கோபியில சாப்பாடு வாங்கித் தர்றாராம், வாசல் கேட்டைச் சாத்திட்டு வாங்கங்கறார். ஆட்டுக்கல் பேச்சையே காணோம். என்னைத் தேடலை. பாத்தியா, நான் சொன்னது நடந்துச்சா இல்லையா? ஒருத்தரும் உள்ளே வரலை! ஒருத்தரும் வர முடியாது. சாவி என் கையில.

அமைதியா இருக்குல்ல.

அம்மிணி. நீ அப்போ என்னமோ கேக்க வந்தே, நான் ஓட விரட்டிட்டேன். என்ன கேக்க வந்தே? எப்படி வெளியே வருவீங்கன்னா?

அட, வருவேன். ஏன் வராம? சாவி இருக்குல்ல. இங்கே இருந்து கை எட்டாதுதான், அதுக்கென்ன, யாராவது வராமலா போயிடுவாங்க. லட்சுமி வருவா. லட்சுமி ஜன்னல் பக்கம் வர மாட்டா, கட்டெறும்புக்குப் பயம். அவர் ராத்திரிக்குள்ள வந்துடுவார். அவர்கிட்ட சாவியைக் கொடுத்தா...

இல்லை. அவருக்குத் தர மாட்டேன்.

உனக்கு நேரமாச்சா? மாமியார் தேடுவாங்களா? தேடட்டும், தேடறதுக்கு ஆள் இருக்கறது நல்லதுதான். கேட்டைச் சாத்திட்டாங்கன்னா உன் ஸ்கூட்டி எப்படிப் போகும்? கொஞ்சம் இரு. ஒரு அரைமணி நேரம். நான் இப்படிப் படுத்துக்கறேன். நீ அங்கேயே நிக்கறேன்னு தெரிஞ்சா போதும்.

கையைக் கொடு. கம்பிக்கு நடுவுல விடு. சாவியை இப்போ தர மாட்டேன். கையை மட்டும் கொடு.